இரைப்பை நிணநீர்ப் புற்றை இனங்கண்ட கதை

காலில் முள் குத்திச் சீழ் பிடித்துவிட்டால் தொடையிடுக்கில் நெறி கட்டிக்கொள்வதை நீங்கள் அறிவீர்கள். தொண்டையில் புண் வந்தால் தாடைக்குக் கீழே இருபுறமும் உருண்டையாகத் தடித்திருப்பதையும் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். 'நெறி' என்று நாம் சொல்வது நிணநீர்க் கணுவைத்தான். உடலெங்கும் இத்தகைய கணுக்கள் காவல் நிலையங்களைப்போல் அமைந்திருக்கின்றன. லிம்போசைட்டுகள் எனப்படும் ஒருவகை வெள்ளையணுக்கள் அவற்றில் குடியிருக்கின்றன. இக்கட்டுரையில் அவற்றை நிணச் செல்கள் என்று அழைப்போம். கிருமி நுழைந்தால் இச்செல்கள் பல்கிப் பெருகுகின்றன, கணு வீங்குகிறது. கிருமி ஒழிந்ததும் அவை அடங்குகின்றன, வீக்கமும் வற்றிவிடுகிறது.

சில வேளைகளில் இந்தப் பெருக்கம் அடங்குவதில்லை. கட்டளைக்குப் பணியாமல் நிணச் செல்கள் பெருகிக்கொண்டே போகின்றன. இதுவே லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்று. பெரும்பாலும் இது கணுக்களில்தான் தோன்றுகிறது. கணுக்களுக்கு வெளியே தோன்றும்போது, அது எல்லா உறுப்புகளையும்விட மிகுதியாக இடம்பிடிப்பது இரைப்பையில்!

இதிலே ஒரு புதிர் இருக்கிறது. நலமான இரைப்பையின் சுவரில் நிணத்திசு என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. தொண்டையில் டான்சில் இருக்கிறது. சிறுகுடலில் 'பேயர் திட்டுகள்' இருக்கின்றன. சுவிட்சர்லாந்து மருத்துவர் யோகான் கொன்ராட் பேயர் 1677-இல் விவரித்தவை அவை. இரைப்பையில் அப்படி எதுவும் கிடையாது. விதையே இல்லாத நிலத்தில் பயிர் எப்படி முளைத்தது? இந்தக் கேள்வியைக் கேட்க மருத்துவ உலகுக்கு நூறாண்டுகளுக்கு மேல் பிடித்தது. கேட்டபின், ஒரு தலைமுறைக் காலத்துக்குள் ஒரு நோயின் பெயரும் மாறியது, மருத்துவமும் மாறியது. முன்பு இரைப்பையையே வெட்டி எடுத்த நோய்க்கு, இன்று பலருக்குச் சில நாள் மாத்திரைகள் போதுமானவையாக இருக்கின்றன. அந்த வரலாற்றைக் காண்போம்.

பெயர் பிறந்த வகை

லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் ஹாட்ஜ்கின், நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கி இறந்த சிலரின் உடல்களை ஆராய்ந்து 1832-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நிணநீர்ப் புற்றுகளின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது எனலாம். 'கொடிய லிம்போமா' என்ற பெயரை 1871-இல் வழங்கியவர் வியன்னா நகரின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் தியோடார் பில்ராத். இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக அறுத்து எடுத்த முதல் மருத்துவரும் அவரே. 1881 ஜனவரியில் புற்றுநோயுற்ற ஒரு பெண்மணிக்கு அந்த அறுவையை அவர் செய்தார்.

லிம்போமா என்ற பெயரும் இரைப்பையை அறுக்கும் கலையும் ஒரே கையில் பிறந்ததைக் கவனியுங்கள். அடுத்த நூறாண்டுகளில் இரைப்பை லிம்போமாவுக்கு மருத்துவம் என்றால் பெரும்பாலும் அறுவைதான். அதனுடன் கதிர்வீச்சும், பின்னாளில் செல்களை அழிக்கும் கடும் மருந்துகளும் சேர்ந்துகொண்டன. நோய் இன்னதென்று தெரிவதுகூட பல வேளைகளில் இரைப்பையை வெட்டி எடுத்த பிறகுதான். முதலில் அறுவை, அதன்பின் நோய்க்குப் பெயர் என்பதே அன்றைய முறை.

எட்டிப்பார்க்க முடியாத பை

ஏன் அப்படி? இரைப்பைக்குள் எட்டிப்பார்க்க வழியில்லை என்பதே காரணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எக்ஸ் கதிர்ப் படம் வந்தது. ஒளி ஊடுருவாத உப்புக் கரைசலைக் குடிக்கவைத்துப் படமெடுத்தால் இரைப்பையின் வடிவம் நிழலாகத் தெரியும். சுவரில் மேடு இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று நிழல் சொல்லும். அந்த மேட்டில் உள்ளவை என்ன செல்கள் என்று சொல்லாது.

1868-இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால், வாளை விழுங்கிக் காட்டும் ஒரு வித்தைக்காரரின் தொண்டை வழியே நேரான குழாயைச் செலுத்தி இரைப்பையைப் பார்க்க முயன்றார். குழாய் உள்ளே போயிற்று. போதிய வெளிச்சம்தான் போகவில்லை. 1932-இல் ருடால்ஃப் ஷிண்ட்லர், கருவி வல்லுநர் கேயார்க் வுல்ஃபின் துணையுடன் ஓரளவு வளையும் உள்நோக்கியை உருவாக்கினார். எனினும் இரைப்பையில் சில மூலைகள் அதற்கும் எட்டவில்லை.

உண்மையான திருப்பம் கண்ணாடி இழையால் வந்தது. மயிரிழை போன்ற கண்ணாடி நார்களைக் கற்றையாகக் கட்டினால் அது எப்படி வளைந்தாலும் ஒளி அதனூடே செல்லும். இதனைப் பயன்படுத்தி உருவங்களைக் கடத்தலாம் என்று 1954-இல் லண்டனில் ஹெரால்ட் ஹாப்கின்ஸும், பஞ்சாபில் பிறந்த நம் நாட்டு விஞ்ஞானி நரீந்தர் சிங் கபானியும் எழுதினார்கள். அதைப் படித்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இழைக் கற்றையால் ஓர் உள்நோக்கியை உருவாக்கினார். 1957-இல் அதை முதலில் தம் தொண்டைக்குள்ளேயே செலுத்திப் பார்த்தார்!

பின்னர் இத்தகைய கருவிகளுடன் சிறு இடுக்கியும் இணைந்தது. இரைப்பைச் சுவரிலிருந்து அரிசி மணியினும் சிறிய திசுத் துணுக்கைக் கிள்ளி எடுக்க முடிந்தது. பயாப்சி எனப்படும் இச்சோதனைக்கு வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. இனி நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய பொறுப்பு நோயியல் வல்லுநரின் நுண்ணோக்கிக்கு வந்து சேர்ந்தது.

நுண்ணோக்கியின் முன் குழப்பம்

துணுக்கு கிடைத்தது, ஆனால் தெளிவு கிடைக்கவில்லை. இரைப்பையில் வரும் சாதாரணப் புற்றுநோய் சுரப்பிச் செல்களில் தோன்றுவது. அச்செல்கள் பெருத்து, உருக்குலைந்து, பார்த்தவுடன் 'கெட்டவை' என்று தெரியும். லிம்போமாவிலும் ஒருவகை அவ்வாறே பெரிய, முரட்டுச் செல்களைக் கொண்டது. அதை இனங்காண்பது அவ்வளவு கடினமன்று. இன்னொரு வகைதான் வல்லுநர்களைத் திணறவைத்தது. அதிலுள்ள செல்கள் சிறியவை; அமைதியானவை; தோற்றத்தில் இயல்பான நிணச் செல்களையே ஒத்தவை. அவற்றினிடையே வட்டவட்டமாக நிணநீர் முடிச்சுகளும் காணப்பட்டன. அத்தகைய முடிச்சுகள் அழற்சியின் அடையாளம் அல்லவா? நெறி கட்டும்போது தோன்றுபவையும் அவைதாமே?

ஆகவே வல்லுநர்கள் பிளவுபட்டனர். இது புற்றே என்றனர் சிலர். இது வெறும் எதிர்வினை, புண்ணைச் சுற்றி நிணச் செல்கள் கூடியிருப்பதுதான் என்றனர் வேறு சிலர். அவர்கள் இதற்குப் 'போலி லிம்போமா' என்று பெயரிட்டனர். நோயாளிகளின் வாழ்வும் இரு தரப்புக்கும் சான்று சொல்வதுபோலவே இருந்தது. பலர் ஆண்டுக்கணக்கில் நலமாக வாழ்ந்தனர். புற்று என்றால் இப்படி இருக்குமா? ஆனால் 'போலி' என்று சொல்லப்பட்ட சிலருக்கு ஆண்டுகள் பல கழிந்தபின் ஐயத்துக்கிடமற்ற லிம்போமா வந்தது. போலி என்றால் இப்படி ஆகுமா?

இது வெறும் சொற்போர் அன்று. புற்று என்று எழுதினால் நோயாளி இரைப்பையை இழக்கக்கூடும். இரைப்பை இல்லாதவர் சிறுகச் சிறுகத்தான் உண்ண முடியும். பி-12 வைட்டமினைச் செரித்து ஏற்கத் தேவையான பொருளும் இரைப்பையில்தான் சுரக்கிறது என்பதால், அதை வாழ்நாள் முழுதும் ஊசியாகவோ மாத்திரையாகவோ பெற வேண்டும். அழற்சி என்று எழுதினால், மெல்ல வளரும் ஒரு புற்று கண்காணிப்பில்லாமல் விடப்படும். கண்ணாடிச் சில்லின் மேல் ஒட்டிய ஒரு துணுக்கைப் பார்த்து எழுதும் ஒரு வரியில் ஒருவரின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது.

கோழி காட்டிய வழி

தோற்றத்தால் பிரிக்க முடியாததை வேறு எதனால் பிரிப்பது? விடை நோயெதிர்ப்பியலிலிருந்து வந்தது. 1965-இல் மாக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் கோழிக் குஞ்சுகளில் செய்த ஆய்வுகளால், நிணச் செல்கள் இருவகை என்பது விளங்கிற்று. மார்புக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பக்குவமடைபவை ஒருவகை. அவை டி செல்கள் எனப்பட்டன. கோழியின் கழிவாயருகே இருக்கும் பர்சா என்ற பையில் பக்குவமடைபவை மற்றொரு வகை. பர்சாவின் முதலெழுத்தைக் கொண்டு அவை பி செல்கள் எனப் பெயர் பெற்றன. நமக்குப் பர்சா கிடையாது. நம் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. கிருமிகளைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களைச் செய்பவை இந்தப் பி செல்களே.

ஒவ்வோர் எதிர்ப்பொருளிலும் கனமான சங்கிலிகள் இரண்டும் இலேசான சங்கிலிகள் இரண்டும் உண்டு. இலேசான சங்கிலியில் கப்பா, லாம்டா என்ற இரு வகைகள் இருக்கின்றன. ஒரு பி செல் இவற்றுள் ஒன்றைத்தான் செய்யும், இரண்டையும் செய்யாது. அழற்சியில் பல குலங்களைச் சேர்ந்த பி செல்கள் கூடுவதால் கப்பா செய்பவையும் லாம்டா செய்பவையும் கலந்தே இருக்கும். திருவிழாக் கூட்டத்தில் பலவகை முகங்களைக் காண்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். புற்றிலோ எல்லாச் செல்களும் ஒரே தாய்ச் செல்லின் சந்ததிகள். ஆகவே அத்தனையும் கப்பாவாகவோ, அத்தனையும் லாம்டாவாகவோ இருக்கும். கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே முகம் இருந்தால் ஐயம் வராமலா போகும்?

1975-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலரும் சேசர் மில்ஸ்டைனும், ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்கும் முறையைக் கண்டனர். அதற்காக 1984-இல் நோபல் பரிசும் பெற்றனர். ஒரு குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் இத்தகைய எதிர்ப்பொருளுடன் சாயத்தை இணைத்துத் துணுக்கின் மேல் ஊற்றினால், அப்புரதம் உள்ள செல்கள் மட்டும் நிறம் பெறும். இந்த உத்தியால் நோயியல் வல்லுநர் செல்லின் முகத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் அதன் குலத்தையும் கேட்டறிய முடிந்தது. 'போலி' எனப்பட்டவற்றுள் பலவும் ஒரே தாய்ச் செல்லின் சந்ததிகள் என்பது தெரியவந்தது. அவை போலியல்ல, மெல்ல வளரும் மெய்யான லிம்போமாக்கள்.

1983: ஒரு புதிய குடும்பம்

1983-இல் இங்கிலாந்தில் பணியாற்றிய நோயியல் வல்லுநர்களான பீட்டர் ஐசக்சனும் டென்னிஸ் ரைட்டும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் இளைஞர்களின் சிறுகுடலைத் தாக்கும் ஒருவகை லிம்போமாவை அவர்கள் எடுத்துக்கொண்டனர். மேலைநாட்டு நோயாளிகளின் செரிமானப் பாதையில் வரும் லிம்போமாவுடன் அதை ஒப்பிட்டனர். இரண்டும் ஒரே சாயலில் இருந்தன! இரண்டுமே நிணநீர்க் கணுவின் அமைப்பை ஒத்திருக்கவில்லை. மாறாக, குடலின் பேயர் திட்டுகளை ஒத்திருந்தன.

உடலின் ஈரமான உட்பரப்புகளை மூடியிருக்கும் சளிச்சவ்வுக்கென்றே ஒரு தனிக் காவற்படை இருக்கிறது. அதைச் சளிச்சவ்வு சார்ந்த நிணத்திசு என்கின்றனர். அதன் ஆங்கில முதலெழுத்துகளால் 'மால்ட்' என்று சுருக்கி அழைக்கின்றனர். இவ்வகை லிம்போமாக்கள் கணுக்களைச் சேர்ந்தவை அல்ல, மால்ட் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதே இருவரும் சொன்ன கருத்து. அவற்றைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளமும் கிடைத்தது. புற்றான நிணச் செல்கள் அருகிலுள்ள சுரப்பிகளின் சுவருக்குள் கூட்டமாகப் புகுந்து அவற்றைச் சிதைக்கின்றன. கரையான் கதவு நிலையை உள்ளிருந்தே அரிப்பதுபோல இது நடக்கிறது. இந்தச் சிதைவை இன்றும் வல்லுநர்கள் துணுக்குகளில் முதலில் தேடுகின்றனர்.

மத்தியதரைக் கடல் நோயில் இன்னொரு விந்தையும் இருந்தது. தொடக்க நிலையில் உள்ள சிலருக்கு டெட்ராசைக்ளின் போன்ற நுண்ணுயிர்க் கொல்லி மருந்தாலேயே அது தணிந்தது. இது 1970-களிலேயே தெரிந்திருந்தது. கிருமியைக் கொல்லும் மருந்துக்குப் புற்று ஏன் அடங்க வேண்டும்? இரைப்பை லிம்போமாவுக்கும் இந்தக் கேள்விக்கும் தொடர்பு இருக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

மால்ட் என்ற பெயரும் பழைய புதிரைக் கூர்மையாக்கியதே தவிர விடுவிக்கவில்லை. சிறுகுடலில் மால்ட் உண்டு, இரைப்பையில் இல்லை. இல்லாத திசுவிலிருந்து புற்று எப்படி வரும்? இங்கே நாம் இங்கிலாந்தை விட்டு ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்குப் போக வேண்டும்.

பெர்த் நகரின் வளைந்த கிருமி

பெர்த் நகரின் அரச மருத்துவமனையில் ராபின் வாரன் என்ற நோயியல் வல்லுநர் இருந்தார். 1979 ஜூனில், அழற்சியுற்ற ஓர் இரைப்பைத் துணுக்கின் மேற்பரப்பில் வளைந்த பாக்டீரியாக்கள் வரிசையாகப் படிந்திருப்பதைக் கண்டார். இரைப்பையில் சுரக்கும் கடும் அமிலத்தில் எந்தக் கிருமியும் நிலைத்து வாழாது என்பது அன்றைய நம்பிக்கை. வாரன் தம் கண்ணை நம்பினார். 1981-இல் பேரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவருடன் சேர்ந்தார்.

கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க அவர்கள் எடுத்த முயற்சிகள் தொடர்ந்து தோற்றன. இரண்டு நாளில் ஏதும் வளராவிட்டால் தட்டுகளைக் கொட்டிவிடுவது வழக்கம். 1982 ஏப்ரலில் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால் சில தட்டுகள் கொட்டப்படாமல் அப்படியே இருந்துவிட்டன. திரும்பிவந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது! மெதுவாக வளரும் அதற்கு நாள் அதிகம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். 1984-இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்தார். சில நாட்களில் அவருக்கு வாந்தி கண்டது. துணுக்கில் அழற்சி தெரிந்தது. குடற்புண்ணுக்குக் காரணமான அக்கிருமிக்கு 1989 முதல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பெயர் வழங்குகிறது. இக்கண்டுபிடிப்புக்காக இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அமிலத்தில் அது எப்படி வாழ்கிறது? யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்குகிறது. காரத்தன்மை கொண்ட அம்மோனியா தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துவிடுகிறது. பிறகு சளிப் படலத்துக்குள் புதைந்து, மருந்து கொடுத்து ஒழிக்காவிட்டால் பல பத்தாண்டுகள் தங்கிவிடுகிறது.

இரு கதைகள் ஒன்றாயின

இப்போது புதிரின் துண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். கிருமி வந்தால் நிணச் செல்கள் கூடும். கிருமி போகாமலே இருந்தால்? அவையும் போகாமல் அங்கேயே குடியேறிவிடும். பைலோரி தங்கிய இரைப்பைகளில் நிணநீர் முடிச்சுகள் தோன்றுகின்றன என்பதை 1988, 1989 ஆண்டுகளில் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். ஆகவே இரைப்பையின் மால்ட் பிறவியிலேயே வந்தது அன்று. பைலோரியை எதிர்க்க வந்து தங்கிவிட்டது.

அப்படியானால் லிம்போமா வந்த இரைப்பைகளில் பைலோரி இருக்க வேண்டுமே? லண்டனில் ஆண்ட்ரூ வாதர்ஸ்பூனும் ஐசக்சனும் அவர்களுடைய தோழர்களும் தேடிப்பார்த்தனர். 110 நோயாளிகளில் 101 பேரிடம் அது இருந்தது. 1991-இல் 'லான்செட்' இதழில் இதை வெளியிட்டனர். ஆயினும் ஓர் ஐயம் எழலாம். புற்று வந்த இரைப்பையில் கிருமி பின்னால் குடியேறியிருக்கக்கூடாதா? 1994-இல் ஜூலி பார்சனட் முதலியோர் இதற்கு விடை தந்தனர். பல்லாண்டுகளுக்கு முன் நலமாக இருந்தபோது பலரிடம் எடுத்துச் சேமித்திருந்த குருதி மாதிரிகளை அவர்கள் சோதித்தனர். பின்னாளில் இரைப்பை லிம்போமா வந்தவர்களின் பழைய குருதியில் பைலோரிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் மற்றவர்களைவிட மிகுதியாகக் காணப்பட்டன. கிருமிதான் முன்னால் வந்தது.

1993-இல் வெளியான இரு கட்டுரைகள் எல்லோரையும் வியக்கவைத்தன. ஒன்றில் டிரேசி ஹஸ்ஸல் முதலியோர் லிம்போமாச் செல்களை ஆய்வுக்கூடத்தில் பைலோரியுடன் சேர்த்து வளர்த்தனர். செல்கள் பெருகின. கூட இருந்த டி செல்களை நீக்கியதும் பெருக்கம் நின்றது. கிருமி டி செல்களைத் தூண்டுகிறது. டி செல்கள் புற்றுச் செல்களைத் தூண்டுகின்றன. புற்றுச் செல் யாருக்கும் கட்டுப்படாதது என்று படித்திருக்கிறோம். இந்தப் புற்றோ இன்னும் பிறர் கட்டளைக்குக் காத்திருந்தது!

கட்டளையிடுபவரை நீக்கிவிட்டால்? அடுத்த கட்டுரை அதற்கு விடை. மெல்ல வளரும் மால்ட் லிம்போமா கொண்ட 6 நோயாளிகளுக்கு வாதர்ஸ்பூன் குழுவினர் பைலோரியை ஒழிக்கும் மருந்துகளை மட்டும் கொடுத்தனர். அறுவை இல்லை, கதிர்வீச்சும் இல்லை. அறுவரிடமும் கிருமி ஒழிந்தது. ஐவரிடம், மீண்டும் மீண்டும் எடுத்த துணுக்குகளில் லிம்போமா காணப்படவில்லை.

பின்வந்த ஆய்வுகளும் இதை உறுதிப்படுத்தின. தொடக்க நிலையில் கண்டறியப்படுபவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குக் கிருமியை ஒழித்தாலே நோய் மறைகிறது. சிலருக்கு அது மறைய ஓராண்டோ அதற்கு மேலோ ஆகிறது. அதனால் அவசரப்படாமல் துணுக்கெடுத்துப் பார்த்துக்கொண்டே காத்திருக்கிறார்கள்.

எல்லைக்கோடு எங்கே?

'போலி' என்றவர்கள் முற்றிலும் தவறானவர்கள் என்று இப்போது நீங்கள் நினைக்கலாம். அப்படிச் சொல்லிவிட முடியாது. இது அழற்சியிலிருந்து பிறந்தது, அழற்சியை நம்பியே வாழ்வது என்ற அளவில் அவர்கள் கண்டதும் உண்மைதான். அழற்சிக்கும் புற்றுக்கும் இடையே மதில் இருக்கிறது என்று எண்ணியதே இரு தரப்பும் செய்த பிழை. 1998-இல் இமானுவேல் சுக்கா முதலியோர் லிம்போமா நோயாளிகள் இருவரின் பழைய துணுக்குகளை மீண்டும் எடுத்து மரபணுச் சோதனை செய்தனர். வெறும் அழற்சி என்று முடிவு கூறப்பட்ட அந்தத் துணுக்குகளில், பின்னாளில் லிம்போமாவாக வளர்ந்த அதே குலத்துச் செல்கள் ஏற்கெனவே இருந்தன.

ஆகவே வாதர்ஸ்பூன் 'ஆம்', 'இல்லை' என்பதற்கு மாறாக 0 முதல் 5 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். 0 என்றால் இயல்பான சவ்வு. 5 என்றால் ஐயமற்ற லிம்போமா. நடுவில் உள்ள 3, 4 என்பவை முடிவாகச் சொல்ல முடியாத நிலைகள். உறுதியின்மையை மறைக்காமல் எண்ணாக எழுதுவதும் அறிவியல்தான்.

கிருமியை ஒழித்தும் நோய் மறையாதவர்கள் யார்? 1999-இல் இதற்கு ஒரு திறவுகோல் கிடைத்தது. சில மால்ட் லிம்போமாக்களில் 11-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 18-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. அதனால் இரு மரபணுக்கள் ஒட்டிப்போய், 'பெருகு' என்ற கட்டளையைச் செல்லுக்குள்ளிருந்தே ஓயாமல் பிறப்பிக்கும் புரதம் உண்டாகிறது. அத்தகைய செல்லுக்கு வெளியிலிருந்து கிருமியின் தூண்டுதல் தேவையில்லை. இம்மாற்றம் உள்ளவர்களுக்குக் கிருமியொழிப்பு பெரும்பாலும் பயனளிப்பதில்லை என்று 2001-இல் தெரியவந்தது. அவர்களுக்குக் குறைந்த அளவுக் கதிர்வீச்சோ வேறு மருந்துகளோ உதவுகின்றன.

இன்னொரு வகை ஏமாற்றம்

புற்றைப் போலி என்று எண்ணிய கதையைக் கண்டோம். இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2010-இல் ஜப்பானிய மருத்துவர்கள் 10 நோயாளிகளைப் பற்றி எழுதினர். அவர்களுடைய இரைப்பையில் சிறு மேடுகள் இருந்தன. துணுக்கில், 'இயற்கைக் கொல்லிகள்' எனப்படும் ஒருவகை நிணச் செல்கள் முரட்டுத் தோற்றத்துடன் சுரப்பிகளைச் சிதைத்துக்கொண்டிருந்தன. பார்ப்பவர் எவரும் கொடிய லிம்போமா என்றே சொல்லுவர். ஆனால் அவை மருந்தில்லாமலே மறைந்தன! இத்தகைய நிலையைப் புற்றாகக் கருதிக் கடும் மருந்துகள் தரப்பட்ட நோயாளிகளும் உண்டு. சாதுவான முகத்துடன் ஒரு புற்று. கொடூர முகத்துடன் ஒரு போலி. முகத்தை மட்டும் நம்பினால் இரண்டிலும் ஏமாந்துபோவோம்.

இன்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

மால்ட் லிம்போமாவுக்கென்று தனி அறிகுறி ஏதுமில்லை. மேல்வயிற்று வலி, செரியாமை, பசியின்மை என்று எந்த இரைப்பைக் கோளாற்றிலும் வருபவையே இதிலும் வருகின்றன. உள்நோக்கியில் பார்த்தாலும் சிவந்த சவ்வாகவோ சிறு புண்ணாகவோதான் தெரியும். ஆகவே ஒரே துணுக்கோடு நிறுத்தாமல், நலமாகத் தோன்றும் இடங்களிலிருந்தும் பல துணுக்குகளை எடுக்கிறார்கள். செல்லின் குலத்தைச் சாயங்களால் அறிகிறார்கள். பார்வைக்கு இதைப்போலவே சிறிய செல்களைக் கொண்ட, ஆனால் வேகமாகப் பரவும் வேறுவகை லிம்போமாக்களையும் சாயங்களே பிரித்துக் காட்டுகின்றன. தேவையானால் மரபணுச் சோதனையும், நோய் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று காட்டும் மிகையொலிச் சோதனையும் செய்கிறார்கள். பைலோரி இருக்கிறதா என்று தேடுவது இன்று இச்சோதனையின் பிரிக்க முடியாத பகுதி.

இதைப் படித்துவிட்டு, வயிற்றுவலிக்கெல்லாம் அஞ்ச வேண்டாம். உலக மக்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரின் இரைப்பையில் பைலோரி வாழ்ந்து வந்திருக்கிறது. அவர்களுள் மிக மிகச் சிலருக்கே லிம்போமா வருகிறது. அதுபோலவே, தாமாக நுண்ணுயிர்க் கொல்லிகளை வாங்கி விழுங்குவதும் கூடாது. அரைகுறையாக உண்ட மருந்து கிருமியைக் கொல்லாமல் மருந்துக்கு அஞ்சாததாக்கிவிடும். நாட்பட்ட கோளாறு இருந்தால் மருத்துவரிடம் காட்டிச் சோதித்துக்கொள்வதே முறை.

மாணவர்கள் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நூறாண்டுக் காலம் வல்லுநர்கள் 'இச்செல் நல்லதா, கெட்டதா?' என்றே கேட்டுவந்தார்கள். கருவிகள் வளர்ந்தபோதும் அக்கேள்வி மாறாததால் சண்டையும் ஓயவில்லை. 'இச்செல் இங்கே ஏன் வந்தது?' என்று கேட்டபோதுதான் கிருமி கண்ணுக்குத் தெரிந்தது. நோயை இனங்காண்பது என்றால் அதற்குப் பெயர் சூட்டுவது மட்டுமன்று, அது எதை நம்பி உயிர்வாழ்கிறது என்று அறிவதும்தான். அதை அறிந்ததால்தான், முன்னாளில் அறுவை மேசையில் இரைப்பையை இழந்திருக்கக்கூடிய பலர் இன்று வீட்டில் மற்றவர்களுடன் உட்கார்ந்து வயிறார உண்கிறார்கள்.